செயின் பிளாக் பிரேக் சறுக்கினால்: கழுவிப் போடுவதா, பிரேக் பாகங்கள் அடங்கிய கிட் மாற்றுவதா, சர்வீஸுக்கு அனுப்புவதா, புதிதாக வாங்குவதா?

"லோடு ஏத்தி நிறுத்தினா ஒரு விரக்கடை இறங்கித்தான் நிக்குது. பிரிச்சுக் கழுவிப் போட்டா போதுமா, கிட் வாங்கணுமா? பேசாம புதுசே வாங்கிடலாமா?" ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. பெரும்பாலும் மூன்றின் விலையை விசாரித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். விலையில் தொடங்கினால் தவறான முடிவுக்குத்தான் போவோம். கவரைத் திறந்து, பாகங்களை மேஜையில் வரிசையாக வைத்து, வெர்னியரால் அளந்த பிறகு பாதி முடிவு தானாகவே வந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்த ஒப்பீடு.

இங்கே பேசுவது கைச் சங்கிலியை இழுத்து இயக்கும் சாதாரண செயின் புல்லி பிளாக் பற்றி. கைப்பிடியை ஆட்டி இயக்கும் லிவர் ஹாயிஸ்ட்டைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

## பிரேக் எப்படிப் பிடிக்கிறது

கைச் சங்கிலி ஓடும் ஹேண்ட் வீலுக்குப் பின்னால்தான் பிரேக் இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசை இது: ஹேண்ட் வீல், ஒரு லைனர் தட்டு (உராய்ந்து பிடிக்கும் தட்டு), ராட்செட் சக்கரம் (சாய்ந்த பற்கள் உள்ளது), இன்னொரு லைனர் தட்டு, கடைசியில் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் பிரேக் ஹப். ஹேண்ட் வீலின் நடுவில் உள்மரை இருக்கும். அது ஷாஃப்டின் வெளிமரை மேல் ஏறி இறங்கும்.

ஏற்றும் பக்கம் இழுக்கும்போது ஹேண்ட் வீல் மரையில் உள்ளே ஏறி, இந்த அடுக்கு முழுவதையும் ஒன்றாக நசுக்கிப் பிடிக்கிறது. கையை விட்டதும் லோடு ஷாஃப்டை எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். ராட்செட் பல்லில் விழுந்திருக்கும் நாக்கு சக்கரத்தைச் சுற்ற விடாது. லோடு இழுக்க இழுக்க மரை இன்னும் இறுகும். அதாவது பிரேக்கை இறுக்குவது லோடின் எடையேதான். இறக்கும் பக்கம் இழுத்தால் மரை கொஞ்சம் தளரும், லோடு கொஞ்சம் இறங்கும், உடனே மறுபடி இறுகும். இது நொடிக்குப் பல தடவை நடப்பதால் நமக்கு ஒரே சீராக இறங்குவது போலத் தெரிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரை வழுக்கலாக இருந்தால் லோடின் திருகு விசை வீணாகாமல் தட்டுகளை நன்றாக நசுக்கும். மரை துருப்பிடித்திருந்தால் அந்த விசையில் ஒரு பங்கு மரையிலேயே செத்துவிடும். நசுக்கு குறையும், பிரேக் சறுக்கும். லைனர் தட்டுக்கு நேர் எதிர்: அது உலர்ந்துதான் இருக்க வேண்டும், எண்ணெய் பட்டால் பிடிப்புப் போய்விடும். இந்த இரண்டும் விரலளவு தூரத்தில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. மரைக்கு மசகு போடலாமா, எவ்வளவு, என்ன வகை என்பதை அந்த மாடலின் கையேடு சொல்கிறபடிதான் செய்ய வேண்டும். போடச் சொல்லியிருந்தாலும் விரல் நுனியில் எடுத்து மெல்லிய படலமாகத் தடவினால் போதும். எண்ணெய்க் கேனை அங்கே கொண்டு போகவே கூடாது.

## கவரைத் திறக்கும் முன்

லோடை முழுவதும் இறக்கி வையுங்கள். லோடு தொங்கும்போது கவரில் கை வைக்கக் கூடாது. பிறகு கீழே உள்ள அறிகுறிகளைப் பாருங்கள்.

ஏற்றும்போது "டிக் டிக்" சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். சத்தம் மங்கினாலோ விட்டு விட்டுக் கேட்டாலோ முதலில் நாக்கையும் அதன் ஸ்பிரிங்கையும் சந்தேகப்படுங்கள். நிறுத்திய பிறகும் மெதுவாக ஊர்ந்து இறங்கினால் லைனரில் எண்ணெய், தேய்மானம், துருப்பிடித்த மரை என்று மூன்றில் ஒன்று. லோடு இறங்கவே மாட்டேன் என்று பூட்டிக்கொண்டால் பெரும்பாலும் அது தேய்மானம் இல்லை. பிரேக் இறுகிய நிலையில் லோடைக் கீழிருந்து ஜாக்கி வைத்துத் தூக்கி எடுத்திருப்பார்கள், அல்லது லோடு திடீரென்று குலுங்கி விழுந்து இறுக்கியிருக்கும். கைச் சங்கிலியை இறக்கும் பக்கம் சடாரென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் விடும். கம்பியைக் கொடுத்து நெம்பக் கூடாது.

வெறும் கொக்கி மட்டும் கொஞ்சம் தானாக இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரேக்கை இறுக்குவது லோடுதான் என்பதால், வெறும் கொக்கியின் எடை சில பிளாக்குகளில் அதற்குப் போதாது. சிறு எடையைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி, தேய்ந்தது எந்தப் பாகம் என்பது. லைனர், ராட்செட், நாக்கு, ஸ்பிரிங் ஆகியவை மாற்றுவதற்கென்றே உள்ள பாகங்கள். ஷாஃப்ட் மரை, ஹேண்ட் வீல் மரை, பிரேக் ஹப், பக்கத் தகடு ஆகியவை பிளாக்கின் உடம்பு. முதல் வகையில் பழுது என்றால் நாமே செய்ய வாய்ப்பு உண்டு. இரண்டாம் வகை என்றால் பேச்சே வேறு.

அடுத்தது பெயர்த் தகடு. மாடல், டன், வரிசை எண் படிக்க முடிகிறதா? முடியாவிட்டால் சரியான கிட் கேட்டு வாங்கவே வழியில்லை. மூன்றாவது, பழுது முடிந்ததும் முழு லோடு போட்டுச் சோதிக்க இடமும் எடையும் இருக்கிறதா என்பது. நான்காவது, பிளாக் வேலை செய்யும் இடம். தூத்துக்குடி, நாகைப் பக்கம் படகுப் பட்டறையில் உப்புக் காற்றில் தொங்கும் பிளாக்குக்கும், கோவை ஃபவுண்டரியில் மணல் தூசிக்குள் இருக்கும் பிளாக்குக்கும் ஒரே தீர்வு ஒத்துவராது. செலவு, வேலை நிற்கும் நாட்கள் இரண்டும் இதற்கெல்லாம் பிறகுதான்.

## வழி 1: பிரித்துச் சுத்தம் செய்து, அதே பாகங்களைத் திரும்பப் போடுவது

பாகங்கள் எல்லாம் அளவுக்குள் இருந்து, அழுக்கு, காய்ந்த கிரீஸ், மேலோட்டமான துரு மட்டுமே காரணம் என்றால் இது சரியான வழி. அப்படி இருக்கும் பிளாக்குகள் கணிசமாகவே உண்டு. குறிப்பாக நாக்கின் அச்சில் யாரோ கிரீஸ் அப்பியிருப்பார்கள். அது தூசியோடு சேர்ந்து காய்ந்து பசையாகி, ஸ்பிரிங் தள்ளினாலும் நாக்கு சோம்பலாகத்தான் விழும். விரலால் நாக்கை அழுத்திவிட்டு விடுங்கள். "டக்" என்று திரும்ப வேண்டும். ஆடி அசைந்து வந்தால் அச்சைத் துடைத்து, மெல்லிய மெஷின் ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். கிரீஸ் வேண்டாம்.

வேலையின் முறை:

1. கவரின் நட்டுகளைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் கைபேசியில் படம் எடுங்கள். ராட்செட்டின் பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும்.
2. ஸ்பிளிட் பின்னை எடுத்து, காசில் நட்டைக் கழற்றி, ஹேண்ட் வீலை இறக்கும் திசையில் சுற்றி வெளியே எடுங்கள்.
3. லைனர், ராட்செட், லைனர் என்று வந்த வரிசையிலேயே துணி மேல் வையுங்கள்.
4. லைனர்களை உலர்ந்த சுத்தத் துணியால் (ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் உள்ள பழைய தட்டு என்றால் கீழே சொல்லும் முறையில்) துடைத்து, வெர்னியரால் சுற்றிலும் நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். கையேட்டின் குறைந்தபட்ச அளவை ஒரே ஒரு இடத்தில் தொட்டிருந்தாலும் தட்டு முடிந்தது. ஒரு பக்கம் தடிமனும் மறுபக்கம் மெலிவும் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.
5. ராட்செட், ஹப் ஆகியவற்றின் எஃகு முகத்தில் மேலோட்டமான துரு இருந்தால் நைசான எமரித் தாளால் எடுத்து, தூளைத் துடைத்துவிடுங்கள். குழி விழுந்த துருவை எமரி சரிசெய்யாது.
6. பொருத்தும்போது ஸ்பிளிட் பின் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பின் அடுத்த வளைவில் ஒடியும்; அது ஒடிந்தால் நட்டு கழன்று ஹேண்ட் வீலே வெளியே வரும்.

காசில் நட்டை ஒரேயடியாக இறுக்கிவிடக் கூடாது. இறக்கும்போது ஹேண்ட் வீல் கொஞ்சம் பின்வாங்க இடம் வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, ஏமாந்து போவதுதான். எண்ணெய் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் வைத்தால் பார்க்கச் சுத்தமாகத் தெரியும். நசுக்கும் சூடும் சேர்ந்ததும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். காலிப் பிளாக்கில் பிடிக்கும், சோதனை லோடிலும் பிடிக்கலாம், பத்து நாள் கழித்துச் சறுக்கும். எண்ணெய் ஊறிய தட்டுக்கு இந்த வழி கிடையாது.

பழைய பிளாக்கின் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். எதனால் ஆனது என்று உறுதியாகத் தெரியாத பழைய தட்டைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், எமரித் தாளால் தேய்க்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ராட்செட்டுக்குள் எண்ணெய் ஊறிய புஷ் உள்ள மாடல் என்றால் அதைத் தின்னரில் ஊறவைக்க வேண்டாம். அதிலிருக்கும் எண்ணெய் போய்விடும்.

## வழி 2: கம்பெனி பிரேக் கிட் வாங்கி நம் ஃபிட்டரே மாற்றுவது

லைனர் மெலிந்திருக்கிறது அல்லது எண்ணெய் குடித்திருக்கிறது, நாக்கின் முனை மழுங்கியிருக்கிறது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஆனால் மரையும் ஹப்பும் நன்றாக இருக்கின்றன. சிறு ஒர்க்‌ஷாப்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் நிலை இதுதான். அனுபவமுள்ள ஃபிட்டர் இருந்தால் நான் பரிந்துரைப்பதும் இந்த வழியைத்தான்.

நாக்கைப் பார்க்கும் விதம்: நல்ல நாக்கின் முனை கூரான விளிம்போடு, ராட்செட் பல்லின் அடி வரை போய் உட்காரும். தேய்ந்ததில் அந்த விளிம்பு உருண்டு, ஒரு மூலையில் மட்டும் பளபளப்பான கோடு விழுந்திருக்கும். பல்லின் பாதியிலேயே நிற்கும். அப்படி நிற்கும் நாக்கு ஒரு குலுக்கலில் தாண்டிக் குதித்துவிடும். இரண்டு நாக்கு உள்ள பிளாக்கில் ஒன்று செத்துப் போனாலும் மற்றது வேலை செய்துகொண்டே இருப்பதால் வெளியே தெரியாது. ஒவ்வொன்றாகக் கையால் தூக்கிப் பாருங்கள். புது நாக்கைத் தேய்ந்த ராட்செட்டோடு சேர்த்தால் தொடுவது பல்லின் நுனியில்தான். ஆகவே ராட்செட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கிட்டில் இரண்டு லைனர், ராட்செட், நாக்கு, ஸ்பிரிங், சர்க்ளிப், ஸ்பிளிட் பின் எல்லாம் இருக்கிறதா என்று வாங்கும்போதே எண்ணிப் பாருங்கள். சில இடங்களில் லைனர் மட்டும் கிட் என்ற பெயரில் வரும். பெயர்த் தகட்டின் படத்தை அனுப்பி ஆர்டர் செய்வது நல்லது. ஒரே கம்பெனியில் சில டன் அளவுகளுக்குப் பிரேக் ஒன்றாகவே இருக்கும், சிலவற்றுக்கு மாறும். விட்டம் ஒத்துப்போனது என்பதற்காகப் போட்டுவிடக் கூடாது.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் கிட் போட்டால் புதுத் தட்டும் அதே எண்ணெயைக் குடிக்கும். லோடு செயினுக்கு எண்ணெய் அவசியம்தான், ஆனால் மேலிருந்து ஊற்றினால் அது செயினோடு உள்ளே போய் உடம்பெல்லாம் வழியும். துணியில் நனைத்து, லோடு இல்லாத செயினில் தடவ வேண்டும். கியர் பக்கம் கிரீஸுக்குப் பதில் எண்ணெய் ஊற்றியிருந்தாலும், அளவுக்கு மீறிக் கிரீஸ் திணித்திருந்தாலும் ஷாஃப்ட் வழியாக அது பிரேக் பக்கம் வந்து சேரும். இரண்டாவது செலவு சோதனை. சோதனை செய்ய முடியாத இடத்தில் கிட் மாற்றுவது அரைகுறை வேலை.

## வழி 3: சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவது

பெயர்த் தகடு படிக்க முடியாதபோதும், மரையில் சந்தேகம் இருக்கும்போதும், லோடு போட்டுச் சோதிக்க நம்மிடம் வசதி இல்லாதபோதும், தணிக்கைக்குச் சான்றிதழ் வேண்டியபோதும் இதுதான் வழி. தொழிற்சாலைச் சட்டம் 1948இன் 29ஆம் பிரிவு, பளு தூக்கும் கருவிகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற நபர் முழுமையாகப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று வகுத்தது. அந்தத் தேதி நெருங்கும்போது பிரேக் வேலையும் வந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்வது லாபம்.

லாரிக் கூலி, பிளாக் திரும்பி வரும் வரை வாடகைப் பிளாக், திறந்த பிறகு "லோடு செயினும் நீண்டிருக்கிறது, கொக்கியும் விரிந்திருக்கிறது" என்று கூடும் பில் ஆகியவற்றை முதலிலேயே கணக்கில் சேருங்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சோதனைச் சான்றிதழில் உங்கள் பிளாக்கின் வரிசை எண்ணும், சோதித்த எடையும் இருக்க வேண்டும்.

## வழி 4: புதிய பிளாக்

ஷாஃப்ட் மரை தேய்ந்தோ கடித்தோ போயிருந்தால், பக்கத் தகடு வளைந்திருந்தால், அந்த மாடலுக்குப் பாகங்களே வருவதில்லை என்றால் பேச்சை முடித்துக்கொண்டு புதிது வாங்குங்கள். மரையைப் பார்க்க, தட்டுகள் இல்லாமல் ஹேண்ட் வீலை மட்டும் ஷாஃப்டில் ஏற்றுங்கள். கையாலேயே வழவழவென்று ஓட வேண்டும். பக்கவாட்டில் தள்ளாடினாலும், ஒரே இடத்தில் சிக்கினாலும் மரை போய்விட்டது. நான் வைத்திருக்கும் எல்லை இது: பாகம், கூலி, சோதனை, வாடகை எல்லாம் சேர்ந்து புதிய பிளாக் விலையில் பாதியைத் தாண்டினால் பழையதில் பணம் போடக் கூடாது.

புதிதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது பெரும்பாலும் 3 மீட்டர் தூக்கும் உயரம் உள்ளது. உங்களுக்குக் கூடுதல் வேண்டுமானால் செயின் விலை தனி. கொக்கிக்குக் கொக்கி குறைந்தபட்ச தூரம் பழையதைவிட அதிகமாக இருந்தால், தாழ்வான ஷெட்டில் லோடு போதிய உயரம் ஏறாது. இருக்கும் டிராலியில் மேல் கொக்கி உட்காருமா என்றும் அளந்து பாருங்கள். பழையதை எடைக்குப் போடும் முன் கொக்கியை அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பெயின்ட் அடித்து இன்னொரு ஷெட்டில் தொங்கும்.

## ஒரே பார்வையில்

| | சுத்தம் மட்டும் | பிரேக் கிட் | சர்வீஸ் சென்டர் | புதிய பிளாக் |
|---|---|---|---|---|
| எப்போது சரி | அழுக்கு, மேல் துரு, காய்ந்த கிரீஸ் | லைனர், நாக்கு, ராட்செட் தேய்வு | மரையில் சந்தேகம், சான்றிதழ் தேவை | மரை போனது, தகடு வளைந்தது, பாகம் கிடைக்காதது |
| எப்போது கூடாது | எண்ணெய் ஊறிய லைனர் | பெயர்த் தகடு படிக்க முடியாதது | மாற்று ஏற்பாடு இல்லாத அவசர வேலை | கிட்டால் தீரும் பழுது |
| வேலை நிற்பது | அரை நாள் | கிட் வரும் வரை | போக்குவரத்தோடு சேர்த்து அதிகம் | கையிருப்பில் இருந்தால் ஒரே நாள் |
| மறைமுகச் செலவு | தவறான நம்பிக்கை | எண்ணெய் வந்த இடத்தைத் தேடுவது, சோதனை | வாடகை, கூடும் பில் | கூடுதல் செயின், டிராலி பொருத்தம் |
| லோடு சோதனை | நாம் | நாம் | அவர்கள் | சான்றிதழோடு வர வேண்டும் |

## அட்டவணையில் சேர்க்காத ஐந்தாவது வழி

வண்டி கிளட்ச் லைனிங்கை வெட்டி ஒட்டுவது, மழுங்கிய நாக்கின் முனையில் வெல்டிங் வைத்து அரைப்பது, லேத்தில் ராட்செட் கடைந்து போடுவது. நூறு, இருநூறில் முடிகிறது என்று பலரும் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மரையின் சாய்வு, தட்டின் விட்டம், லைனரின் உராய்வு மூன்றையும் ஒன்றுக்கொன்று கணக்கிட்டுத்தான் பிரேக் வடிவமைக்கப்படுகிறது. உராய்வு குறைந்த லைனர் வந்தால், லோடு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் தன்மையே போய்விடும். கூடினால் இறக்கும்போது பூட்டிக்கொண்டு, விடும்போது சடாரென்று விழும். வெல்டிங் சூட்டில் நாக்கின் கடினப்படுத்திய எஃகு, ஓரிடத்தில் மிருதுவாகவும் ஒட்டிய இடத்தில் நொறுங்குவதாகவும் மாறும். அது உடைவது லோடின் கீழே ஆள் நிற்கும் நேரமாக இருக்கலாம்.

## எந்த வழியானாலும் சோதனை

முதலில் காலியாக ஏற்றி இறக்கி, டிக் சத்தம் கேளுங்கள். பிறகு பிளாக்கின் திறனில் பத்தில் ஒரு பங்கு எடை. லேசான லோடில் பிரேக் இறுகுகிறதா என்பது இதில்தான் தெரியும். அடுத்தது முழு லோடு. எடைக்கு அலைய வேண்டாம்: 50 கிலோ சிமென்ட் மூட்டை 20 என்றால் ஒரு டன், 25 என்றால் ஒரு டன் பிளாக்குக்கு 125 சதவீதம், பலகையின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையேடு அனுமதிக்கும் சோதனை எடையை மீற வேண்டாம். பிளாக் தொங்கும் உத்தரம் அந்த எடையைத் தாங்குமா என்பதையும் முன்பே உறுதி செய்யுங்கள்.

தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் மட்டும் தூக்கி, லோடு செயின் உடம்புக்குள் நுழையும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பத்து நிமிடம் விடுங்கள். கோடு நகரக் கூடாது. பிறகு இறக்கும்போது நடுவில் நாலைந்து தடவை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு தடவை சறுக்கினாலும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

லிவர் ஹாயிஸ்ட்டிலும் பிரேக் இதே தத்துவம்தான். ஆனால் செயினை விடுவித்து இழுக்கும் ஃப்ரீ வீல் அமைப்பு கூடுதலாக இருப்பதால் பொருத்தும் வரிசை நுணுக்கமானது. அந்த மாடலின் கையேடு கையில் இல்லாமல் அதைப் பிரிக்காதீர்கள். வழி 3 அல்லது 4 போதும்.

வேலை முடிந்ததும் தேதி, பிளாக் வரிசை எண், அளந்த லைனர் தடிமன், மாற்றிய பாகங்கள், சோதித்த எடை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை திறக்கும்போது இரண்டு தடிமன் அளவுகள் இருந்தால், தேய்மானத்தின் வேகம் தெரிந்து கிட்டை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். உப்புக் காற்றிலும் மணல் தூசியிலும் தொங்கும் பிளாக்குகளை ஆண்டுப் பரிசோதனை வரும் வரை விடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவரைத் திறந்து பாருங்கள்.